"சாக்கர் பார்த்ததற்காக ஃபுட்பாலிலிருந்து நீக்கினார்கள்": இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி: இரண்டுவரி

வணக்கம். ஆவணப்படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. ஒரு வாரமாக ஒரே ஒரு வசனத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். விளையாட்டு தெரிந்தவர்களும் மொழி தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

படம் அயர்லாந்தைப் பற்றியது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசுகிறார். கையில் ஒரு பழைய அணிப் புகைப்படம், ஓரமெல்லாம் மடிந்து வெளுத்தது. பின் வரிசையில் ஒரு முகத்தின்மேல் விரலை வைத்து, "இது நான். இதுதான் அவர்களோடு எடுத்த கடைசிப் படம்" என்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அந்த வசனம் வருகிறது. ஃபுட்பாலிலிருந்து தன்னை நீக்கிவிட்டார்கள், சாக்கர் பார்க்கப் போனதுதான் காரணம் என்கிறார். அவ்வளவுதான், நான்கு நொடிகூட இல்லை. சொல்லும்போது கண் கலங்குகிறது.

எங்களுக்கு ஒரு சொற்பட்டியல் உண்டு. அதில் 'சாக்கர்' என்று எங்கே வந்தாலும் 'கால்பந்து' என்று மாற்றச் சொல்லியிருக்கிறது. "சாக்கர் என்பது அமெரிக்கர்கள் கிளப்பிவிட்ட சொல். உலகம் முழுக்க அது ஃபுட்பால்தான்" என்பார் என் மேற்பார்வையாளர். நானும் இத்தனை வருடமும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பட்டியலின்படி எழுதிப் பார்த்தேன்:

"கால்பந்து பார்த்ததற்காக என்னைக் கால்பந்திலிருந்து நீக்கினார்கள்."

வாய்விட்டுப் படித்தால் பிதற்றல் மாதிரி இருக்கிறது. அவர் கலங்கும் இடத்தில் பார்ப்பவர்கள் சிரித்துவிட்டால் அந்தப் பழி என்மேல்தான் விழ வேண்டும்.

சாக்கர் அமெரிக்கச் சொல் என்றால் அயர்லாந்துக் கிராமத்துப் பெரியவர் வாயில் அது எப்படி வந்தது? ஒரு ஆட்டத்தைப் பார்த்ததற்கு ஒருவரை ஏன் நீக்க வேண்டும்? தமிழில் என்ன போடுவது? திரையில் எனக்கு இரண்டே வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அடைப்புக்குறி விளக்கமெல்லாம் முடியாது.

பதில்: ஒன்பதாம் எண்

நான் உங்கள் மேற்பார்வையாளர் பக்கம். காலால் உதைத்து ஆடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் இருக்கும்போது இன்னொரு பெயர் எதற்கு? பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு அமெரிக்கர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் உண்மையான கால்பந்துக்கு ஒரு ஒட்டுப்பெயர் வைத்தார்கள். பத்து வயதிலிருந்து ஆடுகிறேன். சாக்கர் என்று யாராவது சொன்னால் என் வீட்டாளைப் பேர் மாற்றிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கால்பந்து என்றே போடுங்கள். முந்தைய காட்சியில் எங்காவது விளக்கிவிடலாம்.

பதில்: பழைய கோல்கீப்பர்

ஒன்பதாம் எண் சொல்லும் அந்த எரிச்சல் எனக்கும் வெகுகாலம் இருந்தது. இருபது வருடம் கோல் காத்தவன் நான். பிறகு ஆட்ட வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது அது போய்விட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரியவர். அயர்லாந்தின் பெரும்பகுதியில் ஃபுட்பால் என்றால் கேலிக் கால்பந்து, அந்த நாட்டுக்கே உரிய ஆட்டம். அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், நான்கு காலடி வரை சுமந்து போகலாம். அதற்குமேல் போக வேண்டுமானால் ஒரு முறை தரையில் தட்ட வேண்டும், அல்லது கால்விரலால் தட்டிக் கைக்கே எடுக்க வேண்டும். கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் வழக்கமாக ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் அது கோல், மூன்று புள்ளி. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தை அவர்கள் சாக்கர் என்பார்கள். அமெரிக்காவைப் பார்த்து வந்த பழக்கமில்லை அது. ஃபுட்பால் என்ற பெயரில் வேறொரு ஆட்டம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

நீக்கிய கதை உண்மையில் நடந்த வழக்கம்தான். கேலிக் ஆட்டங்களை நடத்தும் சங்கத்தில் ஒரு தடை இருந்தது. சாக்கர், ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் நான்கும் அந்நிய ஆட்டங்கள். உறுப்பினர்கள் அவற்றை ஆடக் கூடாது, பார்க்கவும் போகக் கூடாது. யார் போகிறார்கள் என்று கவனிக்கக் கண்காணிப்புக் குழுக்களே இருந்தன. இங்கிலாந்தின் ஆட்சியிலிருந்து விடுபட்டுத் தன் மொழியையும் ஆட்டங்களையும் மீட்கப் போராடிய ஒரு நாடு என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபத்தின் வேர் புரியும். ஆனால் அது யாரைத் தாக்கியது என்று பாருங்கள். 1938-இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், டப்ளினில் டேலிமவுண்ட் பார்க்கில் அயர்லாந்தும் போலந்தும் ஆடிய சாக்கர் ஆட்டத்துக்குப் போனார். தலைவர் என்ற முறையில் போயே ஆக வேண்டிய நிகழ்ச்சி. அந்தக் கேலிக் சங்கத்தின் புரவலர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஐரிஷ் மொழியை உயிர்ப்பிக்க வாழ்நாள் முழுக்க உழைத்தவர் அவர். தடை 1971-இல்தான் நீங்கியது. உங்கள் பெரியவர் இளைஞராக இருந்தபோது அது முழு வீச்சில் இருந்திருக்கும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். சாக்கர் பிறந்த இடம் இங்கிலாந்து.

19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு ஃபுட்பால் விதி வைத்திருந்தது. ஒன்றில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், இன்னொன்றில் கூடாது. 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் சில கிளப்காரர்கள் கூடி, பொது விதி எழுத 'ஃபுட்பால் அசோசியேஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டிசம்பர் வரை கூட்டம் கூட்டமாக வாதம் நடந்தது. பந்தைக் கையில் எடுத்து ஓடுவதா, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைத்துத் தடுப்பதா என்பதில் சண்டை. உதை வேண்டும் என்று நின்ற பிளாக்ஹீத் கிளப் வெளியேறியது. ரக்பிப் பள்ளியின் முறையைப் பின்பற்றியவர்கள் 1871-இல் 'ரக்பி ஃபுட்பால் யூனியன்' அமைத்தார்கள். ஆக ஒரே நாட்டில் இரண்டு ஃபுட்பால்: அசோசியேஷன் ஃபுட்பால், ரக்பி ஃபுட்பால்.

ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்களுக்கு அப்போது ஒரு வழக்கம். எந்தச் சொல்லையும் வெட்டி, கடைசியில் 'அர்' ஒலி சேர்ப்பார்கள். பிரேக்ஃபாஸ்ட் பிரெக்கர் ஆனது, ரக்பி ரக்கர் ஆனது. அசோசியேஷன் என்ற நீளப் பெயரின் நடுத்துண்டை உருவி, அதை எழுத்துப்படி வாசித்து 'அர்' சேர்த்தால் சாக்கர். 1880-களின் கடைசியிலும் 1890-களிலும் எழுத்திலேயே வந்துவிட்டது. அந்த ஆட்டத்தை ஆடியவர்களே செல்லமாக வைத்த பெயர் அது.

ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு சின்னத் தகவல். 1863-இல் எழுதிய முதல் விதிகளில் பந்தைக் கையால் பிடிக்க இடம் இருந்தது. விழும் பந்தைச் சுத்தமாகப் பிடித்து, உடனே குதிகாலால் தரையில் ஒரு குறி போட்டால் ஃப்ரீ கிக் கிடைக்கும். காலால் மட்டும் ஆடுவதுதான் ஃபுட்பால் என்று சொன்னால் அதை எழுதிய 1863-காரர்களையே வெளியே நிறுத்த வேண்டியிருக்கும்.

அமெரிக்கர்கள் மேல் போடும் குற்றமும் சரியில்லை. 1869-இல் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் ஆடிய ஆட்டத்தில் பக்கத்துக்கு 25 பேர், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. லண்டன் விதிகளுக்கு நெருங்கிய ஆட்டம்தான். 1874-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் ஹார்வர்டுக்கு வந்து ரக்பி முறையில் ஆடியது. ஹார்வர்டுக்கு அது பிடித்துப்போனது, மற்ற கல்லூரிகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1880-களில் வால்டர் கேம்ப் என்பவர் விதிகளை மாற்றி மாற்றி இன்றைய அமெரிக்கக் கால்பந்துக்கு உருக்கொடுத்தார். எல்லாரும் ஒரே தாத்தாவின் பேரர்கள், ஒவ்வொரு வீட்டிலும் குடும்பப் பெயர் ஒருவரிடம் தங்கியது, அவ்வளவுதான். சாக்கர் ஆடிய அமெரிக்கர்களும் ஃபுட்பால் என்ற பெயரை எளிதில் விடவில்லை. அவர்களின் தலைமைச் சங்கம் 1913-இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஃபுட்பால் அசோசியேஷன்'. 1945-இல் 'சாக்கர் ஃபுட்பால்' என்று இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். 1974-இல்தான் ஃபுட்பால் உதிர்ந்து 'சாக்கர்' மட்டும் நின்றது.

இங்கிலாந்தில் 1970-கள் வரை இரண்டு சொல்லும் சண்டையில்லாமல் புழங்கின. 'வேர்ல்டு சாக்கர்' என்ற மாத இதழ் 1960-இல் தொடங்கியது லண்டனில்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி பழைய பத்திரிகைகளை எண்ணிப் பார்த்தவர். பிரிட்டனில் சாக்கர் என்ற சொல் 1980-க்குப் பிறகுதான் வேகமாகச் சரிகிறது என்று காட்டினார். 1975-இல் பெலே நியூயார்க் காஸ்மாஸ் கிளப்புக்கு ஆடப் போனார், அமெரிக்காவில் சாக்கர் என்ற பெயர் ஊரெல்லாம் கேட்டது. தாங்கள் வைத்த பெயரே பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்நியமாகிவிட்டது. எனக்கு இதுதான் வருத்தமான இடம். ஒரு சொல்லைப் பெற்றவர்களே அதை அடுத்த வீட்டுப் பிள்ளை என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மொழிபெயர்ப்பவர் என்பதால். 1904-இல் பாரிஸில் தொடங்கிய ஃபிஃபாவின் முழுப் பெயரில் கடைசிச் சொல் 'அசோசியேஷன்'. பலர் அதைச் 'சங்கம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அங்கே அது சங்கத்தைக் குறிக்கவில்லை, 'ஃபுட்பால் அசோசியேஷன்' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து ஆட்டத்தின் பெயர். சாக்கர் எந்தச் சொல்லிலிருந்து உருவப்பட்டதோ அதே சொல் ஃபிஃபாவின் பெயரிலேயே இருக்கிறது.

என் கருத்து: பொதுவாகக் கால்பந்து என்றே எழுதுங்கள், உங்கள் பட்டியல் அந்த அளவில் சரி. ஆனால் இரண்டு ஃபுட்பால்கள் ஒரே வாக்கியத்தில் மோதும்போது சாக்கர் என்பதை அப்படியே விட வேண்டும். இந்த வசனத்தின் வலியே அந்த இரண்டு பெயருக்கும் நடுவில்தான் இருக்கிறது.

பதில்: மெல்பர்ன்வாசி

இங்கேயும் அதே கதை. மெல்பர்னில் 'ஃபூட்டி' என்றால் ஆஸ்திரேலிய விதி ஆட்டம், முட்டை வடிவப் பந்து. சிட்னிப் பக்கம் போய் அதே சொல்லைச் சொன்னால் ரக்பி லீக் என்று எடுத்துக்கொள்வார்கள். மெல்பர்ன் ஃபுட்பால் கிளப் தொடங்கியது 1858-இல், விதிகளை எழுதியது 1859-இல். லண்டன் கூட்டத்துக்கு நான்கு வருடம் முன்பு. அதனால் இவர்களிடம் போய் "நீங்கள் பெயரைத் திருடிவிட்டீர்கள்" என்று சொல்ல முடியாது.

சாக்கர் சங்கம் 2005-இல் தன் பெயரில் ஃபுட்பால் என்று மாற்றிக்கொண்டது. ஆனால் தேசிய அணியின் செல்லப்பெயர் இன்றும் சாக்கரூஸ். ஆட்டத்தின் பெயரை மாற்றிய பிறகும் அணியின் பெயரைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. என் மகள் வாரநாளில் ஒரு ஆட்டமும் சனிக்கிழமை இன்னொன்றும் ஆடுகிறாள். "அப்பா, பூட்ஸ் எங்கே?" என்று கேட்டால் "ஃபூட்டிக்கா, சாக்கருக்கா?" என்று நான் திருப்பிக் கேட்டாக வேண்டும். அதில் எந்த அரசியலும் இல்லை, எந்தப் பையை எடுப்பது என்பதுதான் கேள்வி.

பதில்: பனைநிழல்

இலங்கைத் தமிழில் நாங்கள் 'உதைபந்தாட்டம்' என்றுதான் சொல்லுவோம், எழுதுவோம். உங்களிடம் கால்பந்து, எங்களிடம் உதைபந்து. தமிழிலேயே இரண்டு சொல் இருக்கும்போது ஏன் ஆங்கிலத்திடம் போக வேண்டும்? சாக்கர் வரும் இடத்தில் உதைபந்து, அயர்லாந்து ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பிரித்துக்கொடுக்கலாமே.

ஒரு சின்ன விஷயம். கோல்கீப்பர் அண்ணன் 'கேலிக் கால்பந்து' என்று எழுதியிருக்கிறார். எனக்கு முதலில் 'கேலிக்காக ஆடும் கால்பந்து' என்றுதான் பட்டது. கேலிக்கூத்து என்பது கண்ணில் பழகியது. நடுவில் வரும் 'க்' சந்தியா, சொல்லின் பகுதியா என்று தெரியவில்லை. நின்று வாசிக்கும் இடத்தில் பரவாயில்லை. நான்கு நொடியில் ஓடும் எழுத்தில் அது ஆபத்து.

பதில்: பழைய கோல்கீப்பர்

கேலிக் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்குத் தோன்றவே இல்லை. 'கெய்லிக்' என்று எழுதினால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

உதைபந்து எனக்கு மிகவும் பிடித்த சொல். உதைப்பதைச் சொல்கிறது, காலைச் சொல்லவில்லை. இத்தாலியர்கள் இந்த ஆட்டத்தைச் சொல்லும் 'கால்ச்சோ' என்ற சொல்லுக்கும் உதை என்றுதான் பொருள். ஆனால் இங்கே பிரித்துக்கொடுப்பது சரிவராது. உதைபந்து என்று வளர்ந்தவருக்கும் கால்பந்து என்று வளர்ந்தவருக்கும் இரண்டும் ஒரே ஆட்டம். ஒரே பொருள் உள்ள இரண்டு சொல்லை எடுத்து, இது ஒன்று அது வேறு என்றால் பார்ப்பவர் நம்ப மாட்டார். அயர்லாந்து ஆட்டத்திலும் பந்தை உதைக்கத்தான் செய்கிறார்கள்.

பதில்: ஒன்பதாம் எண்

1863 விதியை இரண்டு முறை படித்தேன். கையால் பிடிக்க அனுமதி இருந்தது எனக்குத் தெரியாது. டக்ளஸ் ஹைட் கதை மனசைப் பிசைந்துவிட்டது. என் ஆட்டத்தைப் பார்க்கப் போனதற்காக ஒருவருக்கு இப்படி நடந்திருக்கிறது என்றால் அந்த ஆட்டத்துக்கு அவர் வைத்திருந்த பெயரை மாற்ற எனக்கு உரிமையில்லை. என் பேச்சில் அது கால்பந்தாகவே இருக்கும். அவர் வசனத்தில் சாக்கர் இருக்கட்டும்.

பதில்: மெல்பர்ன்வாசி

கனடாவையும் பாருங்கள். கியூபெக்கில் பிரெஞ்சு பேசுபவர்களும் 'சாக்கர்' என்றுதான் சொல்கிறார்கள், அங்கே 'ஃபுட்பால்' கனடியக் கால்பந்து. 2026 உலகக் கோப்பையை நடத்தும் மூன்று நாடுகளில் இரண்டு சாக்கர் என்கின்றன, மெக்சிகோ ஃபுட்போல் என்கிறது. சொற்பட்டியலில் அந்த ஒற்றை வரியை இப்போதே திருத்தி வைப்பது நல்லது.

பதில்: இரண்டுவரி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இதோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

கோல்கீப்பர் ஐயா சொன்ன தடையைப் பற்றிப் படத்திலேயே பன்னிரண்டு நிமிடம் முன்னால் ஒரு பின்னணிக் குரல் பேசுகிறது. நான் சரியாகக் கவனிக்காமல் கடந்துபோயிருக்கிறேன். அங்கே இரண்டு பெயரையும் அறிமுகப்படுத்திவிட்டேன்: "உலகம் கால்பந்து என்பதை இவர்கள் சாக்கர் என்பார்கள். இவர்களின் கால்பந்து வேறு." கெய்லிக் என்ற சொல்லை அந்த ஒரே இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பெரியவரின் வசனத்துக்கு முதலில் "கெய்லிக் கால்பந்திலிருந்து நீக்கினார்கள்" என்று எழுதினேன். ஒலியோடு ஓடவிட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை. அவர் அடைமொழி போடவே இல்லை. அவருக்கு அது வெறும் ஃபுட்பால், பிறந்ததிலிருந்து ஆடியது. அடைமொழி போட்டால் வெளியாள் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. 'கால்பந்து' என்று மொட்டையாக விட்டால் பார்ப்பவர் நம் கால்பந்தை நினைப்பார். கடைசியில் 'எங்கள்' என்ற சொல்லைச் சேர்த்தேன். அது ஆங்கிலத்தில் இல்லைதான், ஆனால் புகைப்படத்தின்மேல் இருக்கும் அவர் விரலில் இருக்கிறது.

மேற்பார்வையாளரிடம் இன்று காலை இந்தப் பதில்களையெல்லாம் காட்டினேன். அவர் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லி, ஒலியை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் படித்தார். சொற்பட்டியலில் சாக்கருக்கு எதிரே "இடம் பார்த்து" என்று எழுதிக்கொண்டார். திரையில் போகப்போவது இதுதான்:

"எங்கள் கால்பந்தை விட்டே நீக்கிவிட்டார்கள்.
பார்க்கப் போனது ஒரு சாக்கர் ஆட்டம்."